லிங்க்கைத் தட்டினால் சரியான பக்கம் வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சமூக வலைதளத்தில் ஒரு பதிவு போடுகிறீர்கள். கூடவே உங்கள் இணையதளத்தின் லிங்க். பதிவுக்கு லைக் வருகிறது, கமெண்ட் வருகிறது, தளத்துக்கு மட்டும் ஆள் வருவதில்லை. உடனே பலரும் கேப்ஷனை மாற்றுவார்கள், பதிவிடும் நேரத்தை மாற்றுவார்கள், அல்காரிதத்தைத் திட்டுவார்கள். அதற்கெல்லாம் முன்னால் லிங்க் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கணினியில் திறப்பது கணக்கில் சேராது. பின்தொடர்பவரின் மொபைலில், அவர் இருக்கும் ஆப்புக்குள் திறக்க வேண்டும்.

விரல் பட்டதிலிருந்து பக்கம் திறக்கும் வரை நான்கு இடங்கள் இருக்கின்றன: லிங்க் எழுதப்பட்ட பதிவு, அதைத் தன் வழியாகச் சுற்றி அனுப்பும் சமூக வலைதளம், உங்கள் சர்வர், கடைசியாகப் பக்கம். எங்கே அறுந்தது என்பதை அறிகுறியே பெரும்பாலும் சொல்லிவிடும். இடம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எதனால் சரியானது என்பதும் தெரியாது, அடுத்த முறை கெட்டால் எங்கே கை வைப்பது என்பதும் தெரியாது.

சோதிக்கும்போது உங்கள் சொந்தக் கணக்கு வேண்டாம். இன்னொருவரின் மொபைலை வாங்கி, வைஃபையை அணைத்து, தளத்தில் லாகின் செய்யாத நிலையில், பதிவிலிருந்தே தட்டிப் பாருங்கள். தளத்தில் நிர்வாகியாக லாகின் ஆகியிருந்தால், இன்னும் வெளியிடாத வரைவும் பிரைவேட் பக்கமும்கூட உங்களுக்கு அழகாகத் திறக்கும். மற்றவர்களுக்கு 404, அதாவது 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்ற பிழை.

அறிகுறி: தட்டினால் ஒன்றுமே நடக்கவில்லை

இது கோளாறே அல்ல, அந்தத் தளத்தின் விதி. இன்ஸ்டாகிராமில் கேப்ஷனிலும் கமெண்டிலும் போடும் லிங்க் வெறும் எழுத்துதான், தட்ட முடியாது. நீளமான முகவரியைப் பார்த்து யாரும் தட்டச்சு செய்யப் போவதில்லை. இருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, பயோ: 2023 ஏப்ரலிலிருந்து அங்கே ஐந்து லிங்க்குகள் வரை சேர்க்கலாம். இன்னொன்று, ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர். ஒரு காலத்தில் ஸ்டோரியில் மேலே இழுத்துத் திறக்கும் வசதி 10,000 பேர் பின்தொடரும் கணக்குகளுக்கும் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கும் மட்டுமே இருந்தது. 2021-இல் அது போய் ஸ்டிக்கர் வந்தது, அதே ஆண்டு அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 'நம்மிடம் அவ்வளவு ஃபாலோயர்கள் இல்லையே' என்று இன்னும் ஸ்டோரி பக்கம் போகாதவர்கள் இருக்கிறார்கள். போகலாம்.

ஸ்டிக்கரை வைத்த பிறகும் தட்டினால் அடுத்த ஸ்டோரிக்குத் தாவுகிறது என்றால், ஸ்டிக்கர் திரையின் விளிம்பில் இருக்கிறது, அல்லது மேலே கீழே வரும் ஆப்பின் சொந்தப் பட்டன்கள் அதன்மேல் படிகின்றன. நடுப்பகுதிக்கு நகர்த்துங்கள். ஸ்டிக்கரில் தளத்தின் பெயர் மட்டும் தெரிய விடாமல், என்ன கிடைக்கும் என்று சொல்லும் இரண்டு மூன்று சொற்களை வையுங்கள். அதற்கென்றே ஸ்டிக்கர் எழுத்தை மாற்றும் இடம் இருக்கிறது.

யூடியூபில் இதே அறிகுறி ஷார்ட்ஸில் வரும். 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கமெண்டிலும் உள்ள லிங்க்குகளைத் தட்ட முடியாது. மோசடி லிங்க்குகள் பெருகியதுதான் அவர்கள் சொன்ன காரணம். ஷார்ட்ஸிலிருந்து ஆளைக் கொண்டுவர வேண்டுமென்றால் இரண்டு படியாக வர வேண்டும்: ஷார்ட்ஸில் தொடர்புடைய வீடியோவாக உங்கள் நீள வீடியோவை இணையுங்கள், அந்த வீடியோவின் விளக்கத்தில் தளத்தின் லிங்க்கை வையுங்கள். சேனல் முகப்பிலும் லிங்க் வைக்க இடமுண்டு. முதலில் வைக்கும் லிங்க்தான் சப்ஸ்கிரைப் பட்டன் அருகே தெரியும் என்பதால் அந்த முதலிடத்தை வேறொரு சமூக வலைதளக் கணக்குக்குக் கொடுத்து வீணாக்காதீர்கள்.

நீள வீடியோவின் விளக்கத்திலேயே லிங்க் நீலமாக மாறவில்லையா? முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் (https) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் மாறவில்லை என்றால் யூடியூப் ஸ்டூடியோவின் அமைப்புகளில், மேம்பட்ட வசதிகள் உங்கள் கணக்குக்குத் திறக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வெளித்தள லிங்க்குகளைத் தட்டும்படி ஆக்க அது வேண்டும்.

அறிகுறி: லிங்க் நீலமாக இருக்கிறது, தட்டினால் 404

ஆங்கிலத்தில் பதிவிடுபவர்களுக்கு அதிகம் வராத, தமிழில் எழுதுபவர்களுக்கு அடிக்கடி வரும் கோளாறு இது. காரணம் இரண்டு வகை.

முதலாவது, ஒட்டிக்கொள்ளும் வேற்றுமை உருபு. முகவரியை எழுதி, இடைவெளி விடாமல் 'இல்' என்றோ 'ஐ' என்றோ சேர்த்து, 'படிக்கலாம்', 'பாருங்கள்' என்று வாக்கியத்தை முடிக்கிறோம். தமிழ் இலக்கணப்படி சரி. ஆனால் லிங்க் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கும் நிரலுக்கு இலக்கணம் தெரியாது. சில ஆப்கள் அந்த உருபையும் முகவரியின் பகுதியாக விழுங்கிவிடும். அப்படி ஒரு பக்கம் உங்கள் தளத்தில் இல்லை, ஆகவே 404. பதிவைப் பார்க்கும்போது நீல நிறம் எந்த எழுத்தோடு நிற்கிறது என்று உற்றுப் பாருங்கள், பிடிபட்டுவிடும். முகவரியைத் தனி வரியில் வைத்து, அதன் பின்னால் எதையும் எழுதாமல் விடுவதுதான் நிரந்தரத் தீர்வு. இடைவெளி விட்டு உருபு எழுதினாலும் லிங்க் வேலை செய்யும், ஆனால் கண்ணை உறுத்தும்.

இரண்டாவது, முகவரியே தமிழில் இருப்பது. பதிவின் தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் அதையே முகவரியின் கடைசிப் பகுதியாக்கும். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து. இதில் புள்ளியும் கால் கொம்புகளும் தனித்தனிக் குறியீடுகள். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். முகவரியில் அது 45 எழுத்து.

வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருக்கும் இடம் 200 எழுத்து. கணக்குப் போட்டால் 22 குறியீடுகளோடு தீர்ந்துவிடும், அதாவது இரண்டு மூன்று சொற்கள். மிச்சத் தலைப்பு வெட்டப்படும். ஒரே சொற்களில் தொடங்கும் இரண்டு பதிவுகள் இருந்தால் இரண்டாவதன் முகவரியின் கடைசியில் ஒரு எண் ஒட்டிக்கொள்ளும், எது எது என்று உங்களுக்கே குழம்பும்.

அதைவிடப் பெரிய தொல்லை பகிரும்போது வரும். தமிழ் எழுத்தாகவே கையால் எழுதிய முகவரியைச் சில ஆப்கள் முழுதாக ஏற்கும். வேறு சில ஆப்கள் முதல் தமிழ் எழுத்து வந்த இடத்தில் லிங்க்கை நிறுத்திவிடும், மீதி வெறும் எழுத்தாக நிற்கும். தட்டுபவர் தளத்தின் முகப்புக்கோ 404-க்கோ போவார். பிரவுசரின் முகவரிப் பெட்டியிலிருந்து முழுமையாக காப்பி செய்தால் பெரும்பாலும் விரிந்த குறியீட்டு வடிவில்தான் வரும். அது வேலை செய்யும், ஆனால் நாலைந்து வரிக்கு எண்களும் குறிகளுமாக நீண்டு, பார்ப்பவருக்கு வைரஸ் லிங்க் போலத் தெரியும்.

என் கருத்தில், சமூக வலைதளத்தில் பகிரப்போகும் பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் குட்டையான முகவரி வைப்பதே நல்லது. தலைப்பு, உள்ளடக்கம் எல்லாம் தமிழிலேயே இருக்கட்டும், முகவரி ஒரு விலாசம் மட்டும்தான். இது தமிழுக்குச் செய்யும் துரோகம் என்று நினைப்பவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் லிங்க் அறுந்துபோனால் அந்தத் தமிழை யாரும் படிக்கப் போவதில்லை.

ஏற்கெனவே வெளியிட்ட பதிவின் முகவரியை மாற்றினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 வழிமாற்றம் வைத்துவிட்டு மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் தனிப் பதிவுகளின் பழைய முகவரியை நினைவில் வைத்துத் தானாகவே திருப்பிவிடும். மற்ற மென்பொருள்களில் நீங்கள்தான் செய்ய வேண்டும். பல ஆண்டுகளாகப் பகிரப்பட்ட பழைய லிங்க்குகள் எங்கெங்கோ கிடக்கின்றன, அவற்றை உங்களால் திருத்த முடியாது.

அறிகுறி: எதைத் தட்டினாலும் முகப்புப் பக்கமே வருகிறது

முதலில் எளிய காரணம். பயோவில் தளத்தின் முகப்பு லிங்க்தான் இருக்கிறது, பதிவிலோ 'விவரம் பயோவில்' என்று எழுதியிருக்கிறீர்கள். வந்தவர் முகப்பில் இறங்கி, எந்தக் கட்டுரை என்று தேடி, கிடைக்காமல் திரும்பிவிடுகிறார். தொழில்நுட்பப்படி எதுவும் கெடவில்லை, ஆனால் ஆட்களை அதிகம் இழப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். பதிவு எதைப் பற்றியோ, லிங்க் அந்தப் பக்கத்துக்கே போக வேண்டும்.

இதற்கு உங்கள் தளத்திலேயே ஒரு பக்கம் உருவாக்கி, சமீபத்தில் பதிவிட்டவற்றின் லிங்க்குகளை, பதிவில் வந்த அதே படத்தோடு வரிசையாக வையுங்கள். பயோவில் அந்தப் பக்கத்தின் லிங்க். லிங்க்குகளை அடுக்கித் தரும் வெளிச் சேவைகள் நிறைய இருக்கின்றன. அவையும் வேலையைச் செய்யும்தான், ஆனால் வருபவர் முதலில் கால் வைப்பது அவர்கள் வீட்டில். சேவை நின்றுபோனால் உங்கள் பயோவும் நின்றுபோகும். பக்கத்தில் மேலே உள்ளது எப்போதும் கடைசியாகப் போட்ட பதிவாக இருக்கட்டும். மூன்று மாதப் பழைய லிங்க் மேலே நின்றால் அந்தப் பக்கம் இருந்தும் பயனில்லை.

சரி, லிங்க் உள்பக்கத்துக்குத்தான் போடப்பட்டிருக்கிறது, ஆனாலும் முகப்பு வருகிறது. அப்படியென்றால் கோளாறு சர்வரில். தளத்தை எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்-க்கு மாற்றியபோதோ, டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்தபோதோ, டொமைனை மாற்றியபோதோ எழுதிய வழிமாற்ற விதி, பாதையை விட்டுவிட்டு டொமைனை மட்டும் அனுப்புகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரே உள்பக்கத்தின் முகவரியை நான்கு விதமாகத் தட்டச்சு செய்து பாருங்கள்: எஸ் இல்லாமல், எஸ் உடன், டபிள்யூக்கள் இல்லாமல், டபிள்யூக்கள் உடன். நான்கும் அதே உள்பக்கத்தில் முடிய வேண்டும். ஒன்று முகப்புக்குப் போனால் அந்த விதியைத் திருத்தும்படி ஹோஸ்டிங் உதவியாளரிடம் சொல்லுங்கள், பாதையும் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதும் அப்படியே கடந்து போக வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். மொபைலுக்கெனத் தனித் தளம் வைத்திருக்கும் பழைய தளங்களிலும் இதே கதை: கணினியில் சரியான பக்கம், மொபைலில் முகப்பு.

அறிகுறி: ப்ரிவியூ படம் வரவில்லை, அல்லது தவறாக வருகிறது

லிங்க்கை ஒட்டியதும் கீழே படமும் தலைப்பும் கொண்ட ஒரு பெட்டி வரும் அல்லவா, அதற்கான தகவலைப் பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்கும் ஓப்பன் கிராஃப் குறிச்சொற்கள் தருகின்றன. பேஸ்புக் 2010-இல் கொண்டுவந்த ஏற்பாடு, இன்று கிட்டத்தட்ட எல்லாத் தளங்களும் படிக்கின்றன. முக்கியமானவை ஓஜி டைட்டில், ஓஜி டிஸ்கிரிப்ஷன், ஓஜி இமேஜ், ஓஜி யூஆர்எல். எக்ஸ் தளத்துக்கு இதோடு ட்விட்டர் கார்டு என்ற குறிச்சொல்லும் இருந்தால்தான் பெரிய படமாக வரும்.

பேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கர் என்ற கருவியைத் திறந்து உங்கள் பக்கத்தின் முகவரியை ஒட்டுங்கள். பலர், பக்கத்தை மறுபடி படிக்கச் சொல்லும் ஸ்க்ரேப் அகெய்ன் பட்டனை மட்டும் அழுத்திவிட்டு வெளியேறிவிடுவார்கள். கொஞ்சம் நின்று படியுங்கள். மேலே கடைசியாக எப்போது உங்கள் பக்கத்தை வந்து பார்த்தது என்று இருக்கும். அது உங்கள் திருத்தத்துக்கு முந்தைய நேரம் என்றால், கோளாறு பேஸ்புக் சேமித்து வைத்திருக்கும் பழைய நகல் (கேச்) மட்டும்தான். உங்கள் சர்வர் தந்த பதிலைக் காட்டும் ரெஸ்பான்ஸ் கோடு 200 (பக்கம் சரியாகக் கிடைத்தது) என்று இருக்க வேண்டும். 403 என்றால் உங்கள் சர்வரின் ஃபயர்வாலோ பாட்களை (தானாக வந்து பக்கத்தைப் படிக்கும் நிரல்களை) தடுக்கும் சேவையோ பேஸ்புக்கின் பாட்டை வாசலிலேயே நிறுத்துகிறது. அந்தப் பாட்டின் பெயர் பேஸ்புக்எக்ஸ்டெர்னல்ஹிட். அதற்கு அனுமதி கொடுங்கள், எந்தப் பாட் வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் தடை இல்லையா என்று பாருங்கள். அடியில், தங்கள் பாட் உங்கள் பக்கத்தை எப்படிப் பார்த்தது என்று காட்டும் ஒரு லிங்க் இருக்கும். அதைத் திறந்தால் காலிப் பக்கமாக இருந்தால் கதை புரிந்துவிடும்.

காலியாக இருப்பதற்கு வழக்கமான காரணம் ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்தை முழுக்க பிரவுசரிலேயே உருவாக்கும் ரியாக்ட் போன்றவற்றில் கட்டிய தளங்களில், குறிச்சொற்களும் பிறகுதான் சேர்க்கப்படுகின்றன. ப்ரிவியூ எடுக்க வரும் பாட்கள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்குவதில்லை, முதலில் வரும் எச்டிஎம்எல்லை மட்டும் படித்துவிட்டுப் போய்விடும். அதனால் எந்தப் பக்கத்தைப் பகிர்ந்தாலும் ஒரே தலைப்பு, ஒரே படம். பிரவுசரில் இன்ஸ்பெக்ட் செய்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரிந்து உங்களை ஏமாற்றும். 'வியூ பேஜ் சோர்ஸ்' திறந்து ஓஜி என்று தேடுங்கள், உண்மை அங்கே. தீர்வு, குறிச்சொற்களைச் சர்வரிலேயே எழுதி அனுப்புவது. டெவலப்பரிடம் சொல்ல வேண்டிய வேலை இது.

ப்ரிவியூவில் வேறொரு பக்கத்தின் தலைப்பு வந்தால் ஓஜி யூஆர்எல்லைப் பாருங்கள். அது முகப்பையோ பழைய டொமைனையோ காட்டிக்கொண்டிருந்தால், பேஸ்புக் அந்த முகவரியைத்தான் அசலாக எடுத்துக்கொள்ளும். தேடுபொறிக்காகத் தளத்தில் சேர்க்கும் எஸ்இஓ ப்ளகின்கள் இரண்டு ஒரே நேரத்தில் இயங்கினாலும் ஒரே குறிச்சொல் இரண்டு முறை எழுதப்பட்டு, எது ஜெயிக்கும் என்பது தளத்துக்குத் தளம் மாறும். ஒன்றை அணைத்துவிடுங்கள்.

படம் மட்டும் வரவில்லையா? ஓஜி இமேஜில் முழு முகவரி வேண்டும், டொமைன் இல்லாத அரைகுறைப் பாதை எடுபடாது. அளவு 1200-க்கு 630 பிக்சல் வைத்தால் பெரும்பாலான இடங்களில் பெரிய படமாக வரும். பேஸ்புக்கில் 600-க்கு 315-க்குக் கீழே போனால் ஓரத்தில் சிறு சதுரமாகச் சுருங்கும், 200-க்கு 200-க்குக் கீழே போனால் ஏற்காது. முதல் முறை பகிர்பவருக்கு மட்டும் படம் வராமல், அடுத்தவர்களுக்கு வருகிறது என்றால் படத்தின் அகலம், உயரம் இரண்டையும் குறிச்சொற்களாகச் சேர்த்துவிடுங்கள். அவை இல்லாதபோது பேஸ்புக் படத்தை இறக்கி அளந்து முடிக்கும் வரை முதல் பதிவு படமில்லாமல் போய்விடும். அல்லது பகிரும் முன் டீபக்கரில் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

வாட்ஸ்அப் வேறு மாதிரி. அங்கே ப்ரிவியூவை உருவாக்குவது அனுப்புபவரின் மொபைல்தான். ஆகவே படம் கனமாக இருந்தால் வராது, சில நூறு கிலோபைட்டுக்குள் சுருக்கிய ஜேபெக் வையுங்கள். லிங்க்கை ஒட்டியதும் ஓரிரு நொடி காத்திருந்து, பெட்டி வந்த பிறகு அனுப்புங்கள், அவசரப்பட்டால் வெறும் எழுத்தாகப் போகும். பழைய படம் ஒட்டிக்கொண்டிருந்தால், முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஏதாவது ஒரு சிறு அளவுருவைச் சேர்த்து அனுப்பலாம். புதிய முகவரி என்று நினைத்துப் புதிதாக எடுக்கும்.

லிங்க்ட்இனுக்கு போஸ்ட் இன்ஸ்பெக்டர் இருக்கிறது, டெலிகிராமுக்கு வெப்பேஜ்பாட் என்ற பாட்டிடம் லிங்க்கை அனுப்பினால் போதும், இரண்டுமே கேச்சைப் புதுப்பிக்கும். எக்ஸில் இப்போது முன்பு இருந்ததுபோல் ப்ரிவியூ காட்டும் கருவி இல்லை, பூட்டிய கணக்கு ஒன்றில் பதிவிட்டுப் பார்ப்பதுதான் வழி.

அறிகுறி: பக்கம் திறக்கிறது, ஆனால் லாகினோ டவுன்லோடோ நடக்கவில்லை

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை லிங்க்கைத் தங்கள் ஆப்புக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரில் திறக்கின்றன. அதற்குப் பின்தொடர்பவரின் வழக்கமான பிரவுசரில் இருக்கும் குக்கீகள் தெரியாது. தளத்தில் ஏற்கெனவே லாகின் செய்தவர்கூட இங்கே புது ஆள். கூகுள் கணக்கின் மூலம் உள்நுழையும் பட்டனை அழுத்தினால் 403 எண்ணோடு ஒரு பிழை வரும். உள்ளடங்கிய பிரவுசர்களில் தன் லாகினை கூகுள் பாதுகாப்புக்காக அனுமதிப்பதில்லை. இதை உங்களால் திருத்த முடியாது, மாற்று வழிதான் வைக்க முடியும்.

மின்னஞ்சலில் லிங்க் அனுப்பி உள்நுழைய வைப்பது நல்ல மாற்று மாதிரித் தெரியும், ஆனால் அந்த லிங்க் வழக்கமான பிரவுசரில் திறக்கும். ஆப்புக்குள் நிரப்பிய படிவமும் கூடையில் சேர்த்த பொருளும் அங்கே இருக்காது. ஆகவே லிங்க்குக்குப் பதில் எண் குறியீடு அனுப்புங்கள், பார்த்துத் தட்டச்சு செய்துகொள்வார். அதைவிட மேல், படிப்பதற்கு லாகினே கேட்காமல் விடுவது.

பிடிஎஃப் கோப்புக்கு நேரடி லிங்க் கொடுத்தால் ஆண்ட்ராய்டில் வெள்ளைத் திரை வரலாம். அங்கே ஆப்கள் பயன்படுத்தும் வெப்வியூவுக்கு பிடிஎஃப்பைக் காட்டும் திறன் சொந்தமாக இல்லை. உள்ளடக்கத்தைச் சாதாரணப் பக்கமாகப் போட்டு, பிடிஎஃப்பை அதற்குள் ஒரு பட்டனாக வையுங்கள். பட்டனுக்கு மேலே 'திறக்கவில்லை என்றால் மூன்று புள்ளி மெனுவில் வெளி பிரவுசரில் திறக்கவும்' என்று ஒரு வரி இருந்தால் பலர் பிழைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று: குக்கீ அனுமதி கேட்கும் பெட்டியும், மெயில் முகவரி கேட்கும் பாப்அப்பும் அந்தச் சிறிய திரையில் முழுவதையும் மூடிவிடும். மூடும் பட்டன் ஆப்பின் கீழ்ப்பட்டைக்கு அடியில் ஒளிந்துகொள்வதும் உண்டு. கணினியில் இது உங்கள் கண்ணில் படவே படாது.

அறிகுறி: சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குப் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது

பெரும்பாலும், தளம் பாதுகாப்பானது என்று காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழை நம்பகமான அமைப்போடு இணைக்கும் இடைச் சான்றிதழை சர்வர் அனுப்புவதில்லை. கணினி பிரவுசர்கள் பல அதைத் தாங்களே தேடி எடுத்துச் சமாளிக்கும், மொபைல்கள் பல சமாளிக்காது. ஹோஸ்டிங்கில் முழுச் சங்கிலியையும் நிறுவச் சொல்லுங்கள், முடிந்தது.

பதிவிடும்போதே லிங்க்கை ஏற்க மறுத்தால் அது வேறு. உங்கள் டொமைனை அந்தத் தளம் ஸ்பாம் என்று குறித்திருக்கிறது. முதலில் கூகுள் சர்ச் கன்சோலில் பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியைப் பாருங்கள், தளத்தில் யாராவது தீநிரல் புகுத்தியிருக்கலாம். சுத்தம் செய்யாமல் மேல்முறையீடு செய்தால் வீண். சுத்தமாக இருந்தால் ஷேரிங் டீபக்கரிலேயே மறுபரிசீலனை கேட்கலாம். ஒரே லிங்க்கைக் குறுகிய நேரத்தில் பல குழுக்களில் ஒட்டியதும் காரணமாக இருக்கலாம்.

அறிகுறி: முன்பு வேலை செய்த சுருக்கிய லிங்க் செத்துவிட்டது

நீள முகவரியைச் சுருக்கித் தரும் சேவை இன்னொருவருடையது, அவர் கடையை மூடினால் உங்கள் பழைய பதிவுகள் எல்லாம் அநாதை. கூகுளின் சுருக்கிச் சேவை 2019-இல் புது லிங்க்குகளை நிறுத்தியது. பிறகு 2025 ஆகஸ்ட் 25-இல் பழையவையும் நிற்கும் என்று அறிவித்து, கடைசி நேரத்தில் புழக்கத்தில் இல்லாதவற்றை மட்டும் நிறுத்துவதாக மாற்றியது. அதே ஆகஸ்ட் 25-இல் கூகுளின் இன்னொரு லிங்க் சேவையான ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் முழுவதுமாகவே நின்றது. எக்ஸில் எவ்வளவு நீள லிங்க்கும் 23 எழுத்தாகத்தான் கணக்காகும், ஆகவே அங்கே சுருக்கும் தேவையே இல்லை. சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால் உங்கள் சொந்த டொமைனில் செய்யுங்கள்.

அறிகுறி: ஆள் வருகிறார்கள், எங்கிருந்து என்று தெரியவில்லை

தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸில் பாதிப் பேர் 'டைரக்ட்' என்ற வரியில் விழுகிறார்கள். ஆப்களிலிருந்து வரும்போது எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பல நேரம் கூட வராது, வாட்ஸ்அப்பில் கிட்டத்தட்ட எப்போதுமே வராது. அதற்குத்தான் லிங்க்கின் கடைசியில் அடையாளமாகச் சேர்க்கும் யூடிஎம் அளவுருக்கள்: சோர்ஸ் (எந்தத் தளம்), மீடியம் (எந்த வகை), கேம்பெய்ன் (எந்தப் பிரசாரம்). போட்டும் வரவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முகவரியில் ஏற்கெனவே ஒரு கேள்விக்குறி இருந்தால் யூடிஎம்மை ஆம்பர்சண்ட் (&) குறியோடு சேர்க்க வேண்டும், இரண்டாவது கேள்விக்குறி போட்டால் எல்லாம் குழம்பும். முகவரியில் ஹேஷ் (#) குறி இருந்தால் யூடிஎம் அதற்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வந்தால் சர்வருக்கும் போகாது, அனலிடிக்ஸுக்கும் வழக்கமாகத் தெரியாது. மூன்றாவது, மேலே சொன்ன வழிமாற்ற விதி, கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடுகிறதா என்று தட்டிப் பார்த்து, கடைசியில் நிற்கும் முகவரியைப் படியுங்கள்.

பெரிய எழுத்தில் தொடங்கிய சோர்ஸ் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கியதும் அறிக்கையில் இரண்டு தனி வரிகளாக வரும், எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே எழுதப் பழகுங்கள். உங்கள் தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்க்கில் யூடிஎம் போடவே போடாதீர்கள், வந்தவரின் உண்மையான மூலம் எது என்று அறிக்கை குழம்பிவிடும்.

சமூக வலைதளம் காட்டும் கிளிக் எண்ணிக்கையும் உங்கள் அனலிடிக்ஸும் ஒருபோதும் ஒத்துப்போகாது. அவர்கள் விரல் பட்டதை எண்ணுகிறார்கள். நீங்கள் எண்ணுவது பக்கம் திறந்து, ஜாவாஸ்கிரிப்ட் ஓடி, அனுமதிப் பெட்டியில் மறுக்காதவர்களை மட்டும். இடைவெளி சிறிதாக இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் எண்ணிக்கை அவர்களுடையதில் பாதிக்கும் கீழே இருந்தால், பக்கம் ஏற மிக நேரமாகிறது என்று எடுத்துக்கொண்டு, வைஃபை இல்லாத மொபைலில் கடிகாரத்தோடு ஒரு முறை திறந்து பாருங்கள்.

அறிகுறி: வருகிறார்கள், உடனே போய்விடுகிறார்கள்

லிங்க் சரியான பக்கத்தில்தான் இறங்குகிறது, ஆனால் பதிவில் சொன்ன விஷயம் அந்தப் பக்கத்தின் ஏழாவது பத்தியில் இருக்கிறது. ஒரு ரீலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தருவதாகச் சொல்லி, நீளக் கட்டுரையின் தலையில் இறக்கினால் யார் தேடுவார்கள்? அந்தப் பத்தியின் தலைப்புக்கு ஒரு ஐடி கொடுத்து, லிங்க்கின் கடைசியில் ஹேஷ் குறியோடு அதைச் சேர்த்தால் நேராக அங்கேயே இறங்கும். ஐடியை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள், தமிழில் வைத்தால் பழைய தொல்லை திரும்பும். இறங்கும் இடத்தில் தலைப்பு, மேலே ஒட்டி நிற்கும் மெனுவுக்கு அடியில் மறைந்தால் சிஎஸ்எஸ்ஸில் ஸ்க்ரோல் மார்ஜின் டாப் என்ற பண்புக்கு மெனுவின் உயரத்தைக் கொடுங்கள். மேலே உள்ள படங்கள் மெதுவாக ஏறி, இறங்கிய இடத்தைக் கீழே தள்ளிவிட்டால், அந்தப் படங்களுக்கு அகலமும் உயரமும் எச்டிஎம்எல்லிலேயே எழுதிவிடுங்கள், இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிடும்.